கதவு தாங்கும் எடை

அந்தக் காரின் கதவில் நான் வைத்த வெல்டிங் ஒருமுறைகூட விடவில்லை. ஒவ்வொரு முறையும் அதை ஒட்டினாற்போல் இருந்த தகடுதான் கிழிந்தது.

இதை வாடிக்கையாளரிடம் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வேலை நிற்கவில்லை என்றால் வேலை செய்தவள் மேல்தான் பழி. பெண் வெல்டர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதையும் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அவ்வளவு அசதியாக இருந்த வருஷம் அது.

என் பட்டறை செங்கல்பட்டில், திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பல வருஷம் கல்பாக்கம் பக்கம் காண்ட்ராக்டில் பைப் வெல்டிங் செய்தேன். பிறகு சொந்தமாக இந்தப் பட்டறை. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, எது வந்தாலும் செய்வேன். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் கழுத்து பேச ஆரம்பித்தது. கை இரண்டும் வேலையில் இருக்க, தலையைச் சட்டென்று ஆட்டி ஆட்டி வெல்டிங் ஹெல்மெட்டை முகத்தில் இறக்கியே பழகிய கழுத்து. கண்ணும் சேர்ந்துகொண்டது. ஹெல்மெட்டுக்குள் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணயர்ந்துவிடுவேன். சோறு குழைந்த நாட்கள் அதிகம். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொள்வார். அவர் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறார். வெளிவேலைக்கு என் மெஷினையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு வருவது அவர்தான்.

அந்த வீடு மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஈ.சி.ஆர். சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. உப்புக் காற்றில் அவர்கள் வீட்டு கேட் அடிப்பக்கம் முழுக்கப் பொரிந்து உதிர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யத்தான் முதலில் போனேன். வீட்டில் இரண்டே பேர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினியர், அவர் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். எத்தனை வருஷமானாலும் பேச்சு மட்டும் மாறவில்லை. சாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் சரியாக வேலை செய்யாது. நான் கேட்டை வெட்டி ஒட்டி முடிக்கிறவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேட்டார்.

"மெல்லிசுத் தகடு பண்ணுவீங்களா?"

"பண்ணுவேன் சார். எவ்ளோ மெல்லிசு?"

"வாங்க, காட்டுதேன்."

வீட்டுக்குப் பக்கவாட்டில் ஷெட். உள்ளே கரும்பச்சையில் ஒரு கார். என் இடுப்பு உயரம்கூட இல்லை. இரண்டே சீட்டு. வெளிநாட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றார். யாரோ காயலான் கடைக்குப் போடவிருந்ததை வாங்கி, ரிட்டயரான பிறகு தானே உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். அது ஓடத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே அவருக்குப் பக்கவாதம். பிறகு அந்த அம்மா அதை ஓட்டக் கற்றுக்கொண்டார். அறுபதைத் தாண்டிய வயதில், அந்தக் கனமான கிளட்சை மிதித்து. தினமும் சாயங்காலம் சாரை இடது பக்கம் உட்காரவைத்துக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று அழைத்துப் போய் வருவார்.

இடது பக்கக் கதவுதான் பழுது. திறந்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். மூடும்போது முழங்காலால் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க வேண்டும். கதவைத் தாங்குகிற மேல் கீல், காரின் தூணில் ஒரு சின்னப் பட்டைத் தகட்டோடு வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வெல்டிங் ஓரத்தில் தலைமுடி கிடப்பதுபோல ஒரு விரிசல்.

பாட்டரியைக் கழற்றிவிட்டு, கதவுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்தேன். பெயிண்டைச் சுரண்டி, விரிசல் மேலே ஓடாமல் இருக்க அதன் இரண்டு முனையிலும் சின்னதாகத் துளை போட்டேன். சுற்றிலும் ரப்பரும் ஒயரும் இருந்ததால் ஈரத்துணி சுற்றி, கரண்டைக் குறைத்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்தேன். காரின் உயரத்துக்குத் தரையில் ஒருக்களித்துப் படுத்துத்தான் செய்ய முடிந்தது. முடித்து எழுந்திருக்கத் தூணைப் பிடித்துக்கொண்டேன். சார் அதைப் பார்த்தார்.

சில வாரங்களில் அந்த அம்மாவிடமிருந்து போன். மறுபடி சத்தம் வருகிறதாம். போய்ப் பார்த்தால் என் வெல்டிங் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே தகடு கிழிந்திருந்தது. தகடு நைந்திருக்கும் என்று நினைத்து, அதன் மேல் இன்னொரு தகடு வைத்து ஒட்டினேன். அதுவும் சித்திரை வெயில் முடிகிறவரை வந்தது. பிறகு திரும்பவும் போன்.

என் வீட்டுக்காரர் சிலிண்டரை ஏற்றிக்கொண்டே கேட்டார். "மறுபடியும் அந்தக் காருக்கா போற?"

"ம்."

"இன்னாத்துக்கு இந்த பேஜாரு? கடல் பக்கத்துலதான கீது. தள்ளி வுட்டுட சொல்லு."

எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு இல்லை. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை வண்டியில் தூங்கிக்கொண்டே போனேன்.

நாங்கள் போனபோது ஷெட் காலியாக இருந்தது. அன்றைக்கும் சுற்றப் போயிருந்தார்கள். கதவு தொங்கினாலும் போக வேண்டும் என்று சார் பிடிவாதம் பிடித்திருக்கிறார். வீட்டுக்காரர் மெஷினை இறக்கிவைத்துவிட்டு வேறு லோடு இருக்கிறதென்று கிளம்பிவிட்டார். நான் ஷெட் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கார் வந்து நின்றது. அந்த அம்மா இறங்கி, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, காரைச் சுற்றி இடது பக்கம் வந்தார். கதவைத் திறந்துவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

சார் அந்தக் கைகளைப் பிடிக்கவில்லை. சீட்டிலேயே மெல்லத் திரும்பி, கால்களை வெளியே வைத்து, நல்ல கையால் கதவின் மேல் விளிம்பைப் பிடித்தார். தரையோடு தரையாக இருக்கிற சீட்டு அது. உடம்பின் மொத்தப் பாரத்தையும் அந்தக் கதவில் போட்டுத் தொங்கி, முகம் சிவக்க எழுந்தார். கதவு இரண்டு விரல் கனத்துக்குக் கீழே இறங்கியது. 'டொக்.'

நீட்டிய கைகளை அந்த அம்மா மடக்கிக்கொண்டார். அப்போதுதான் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

சார் ஊன்றுகோலோடு நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, காபி தருகிறேன் என்று அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். சமையலறையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, பாத்துட்டேலா?"

"பாத்தேம்மா."

"மொதல்லயே சொல்லியிருக்கணும். வாய் வரல." அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு இடுப்புல ஜவ்வு தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்தக் கிளட்ச மிதிச்சா ராத்திரி புரண்டு படுக்க முடியல. இத அவுக கிட்ட சொன்னா, சரி இனிமே போவேண்டாம்பாக. சொல்லிட்டு அந்த நாற்காலியிலேயே உக்காந்து கேட்டப் பாத்துக்கிட்டே இருப்பாக. அதயும் என்னால பாக்க முடியல."

டம்ளரைக் கழுவி எடுத்துவைத்தார்.

"நீ ஒரு ஒத்தாச செய்யி. தகடு செத்துப் போச்சு, இனிமே ஒட்ட முடியாதுன்னு அவுக கிட்ட சொல்லிரு. நான் சொன்னா என் மேல வருத்தம். நீ சொன்னா இரும்பு மேல போயிரும்."

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தார். காபியைக் கலந்து என் கையில் கொடுத்தார். கொடுத்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார்.

பொய் சொல்லக் கூடாது என்கிற கொள்கையெல்லாம் எனக்குக் கிடையாது. கேட் கேட்டு வருகிறவர்களிடம் நாளைக்கு ரெடி, நாளைக்கு ரெடி என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இந்தப் பொய்யில் எனக்கும் லாபம் இருந்தது. இனி அந்தத் தரையில் படுத்து எழுந்திருக்க வேண்டாம். சொல்லிவிடலாம் என்ற முடிவோடுதான் ஷெட்டுக்குப் போனேன்.

சார் காருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திறந்த கதவின் கீலில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல இருந்து கிழிஞ்சிருக்கு," என்றார்.

"ஆமா சார்."

"ஓங்க வெல்டிங்கு நிக்கி."

அதற்கு மேல் என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. அவர் கையிலேயே டார்ச் இருந்தது. நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"இது வெல்டிங்ல போவல சார். எடையில போவுது. கதவு அதும் எடைய தாங்கும். உங்க எடைய தாங்காது."

"தெரியும்."

"தெரிஞ்சிகினேதான் கூப்ட்டீங்களா?"

"எந்திக்கணும்லா."

அதற்குள் அந்த அம்மா ஷெட் வாசலில் வந்து நின்றுவிட்டார். நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சாரிடம் கேட்டார்.

"என் கையப் பிடிச்சா என்ன?"

"ஒனக்கு இடுப்பு வலி."

"யாரு சொன்னா?"

"நீ நடக்கத நான் பாக்கலையா?" சார் டார்ச்சை அணைத்தார். "ஒன்னப் பிடிச்சு எந்திச்சா நீ விழுந்துருவ. கதவு போனா இந்தப் பிள்ள வந்து ஒட்டிரும்."

பிள்ளை என்று கூப்பிடுகிற வயதா, எனக்குத் தலையே நரைத்துவிட்டது. ஆனாலும் அந்தச் சொல் நன்றாக இருந்தது. ஒருவருக்கொருவர் மறைப்பதாக நினைத்துக்கொண்டு எத்தனை மாதம் ஓட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குக் கதவு ஏன் உடைகிறதென்று தெரியும். சாருக்கு அந்த அம்மாவின் இடுப்பு வலி தெரியும். தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான். வந்து வந்து தரையில் படுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப வேண்டாம்," என்றார் சார். "வித்துரலாம்."

அந்த அம்மா கேட்டது அதுதான். கிடைத்தும்விட்டது. இருந்தும் வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு மெஷினை எடுத்துவைத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வேலையில் ஊறிய வாய். தன்னால் வந்துவிட்டது.

"காருல எதுனா புடிச்சா காரு உடையும். தரையில நட்டு வச்சா உடையாது சார்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இங்க, கதவுக்கு இந்தாண்ட, தரைய கொத்தி ஒரு பைப்பு நட்டு கைப்புடி வச்சித் தரேன். திரும்பி உக்காந்துகினு அத்த புடிச்சி எழுந்திரிங்க. அம்மாவும் தூக்க வேணாம். கதவும் போவாது."

"வெளிய போனா அங்க யாரு பைப்பு நட்டு வச்சிருக்கா?" என்றார் அந்த அம்மா. கோபம் முழுக்க என் மேல்தான்.

"வெளிய எறங்க மாட்டேன்," என்றார் சார். குழந்தை மாதிரி அவசரமாகச் சொன்னார். "உக்காந்தே போயி உக்காந்தே வந்துருதேன்."

"கிளட்ச மிதிக்கது யாரு?"

"தெனமும் வேண்டாம். ஒனக்கு முடியுத அன்னிக்கி."

அந்த அம்மா வெகுநேரம் யோசித்தார். பிறகு, "ஒரு நாள் விட்டு ஒரு நாள்," என்றார். "மழை பெஞ்சா கெடையாது. டீ குடிக்கணும்னாலும் எறங்கக் கூடாது."

"எறங்கல."

கிழிந்த பட்டையை முழுக்க வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டில் வளைத்து ஒட்டினேன். ஓரங்களை ஒரே கோடாக விடாமல், பாரம் பரவுகிற மாதிரி வளைவாக விட்டேன். ஒரு நாள் விட்டுத் தரையைக் கொத்தி, பட்டறையில் செய்துகொண்டு போன பைப்பை நட்டு, சிமெண்ட் போட்டேன். சார் உயரத்துக்கும் உட்காருகிற தூரத்துக்கும் அவரையே உட்காரவைத்துப் பார்த்துத்தான் கைப்பிடியை வளைத்திருந்தேன். சிமெண்ட் இறுகும்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த அம்மா கேட் வரைக்கும் வந்தார்.

"நான் ஒன்ன முடிச்சு வைக்கச் சொன்னேன்," என்றார். "நீ இழுத்து வச்சிட்டுப் போற."

அதில் கோபம்கூட இல்லை. களைப்புதான் இருந்தது. குட்டி யானையில் ஏறி உட்கார்ந்தபோது வீட்டுக்காரர், "இன்னா ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல, போலாம்," என்றேன்.

அதன் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலின் மாடிக் கைப்பிடி வேலை வந்தது. அங்கே போய் வருகிற நாட்களில் அந்தக் காரை ஓரிருமுறை பார்த்தேன். ஒருமுறை சாலையோரம் டீக்கடை முன்னால் நின்றிருந்தது. கடைக்காரர் இரண்டு கிளாஸைக் கொண்டுபோய், இடுப்பை நன்றாக மடித்துக் குனிந்து, ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். சார் கடல் இருக்கிற பக்கம் பார்த்தபடி குடித்தார். அந்த அம்மா தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பேசவில்லை. என்னைப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு என்ன தோன்றும் என்று தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்து, மதுராந்தகம் ஏரி நிரம்பிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த சமயம் போன் வந்தது. அந்த அம்மாதான். ஷெட்டில் இருக்கிற பைப்பை அறுத்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

போனேன். ஷெட்டில் கார் இல்லை. சாருக்கு இரண்டாவது முறையும் பக்கவாதம் வந்திருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். இப்போது உட்காரவே முடியாது. காரைக் கோயம்புத்தூரில் இப்படிப்பட்ட வண்டிகள் வைத்திருக்கிற ஒருவர் வந்து வாங்கிப் போய்விட்டாராம். வாங்கும்போது கதவைப் பல தடவை திறந்து மூடிப் பார்த்தாராம். சத்தமே இல்லை.

"வெறும் ஷெட்டுல இது தனியா நிக்கி," என்றார் அந்த அம்மா. "துணி காயப்போட வாரப்பல்லாம் முட்டியில இடிக்கி."

பைப்பைத் தரையோடு தரையாக அறுத்து, கை வைத்தால் குத்தாத அளவுக்குத் தேய்த்துவிட்டேன். என் வேலையை நானே அறுப்பது புதிதில்லை. கேட் மாற்றுகிற வீடுகளில் செய்ததுதான். ஆனால் அந்தக் கைப்பிடியில் ஒரு இடம் மட்டும் பெயிண்ட் போய் வழவழவென்று இருந்தது. அறுப்பதற்கு முன் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். கண் என்னை அடையாளம் கண்டுகொண்டது. பேச்சு வரவில்லை. வலது கையை மட்டும் போர்வைக்கு மேல் கொஞ்சம் உயர்த்தினார். பிடித்துக்கொண்டேன். பிடியில் இன்னும் பலம் இருந்தது. அந்த அம்மா தலையணையைச் சரிசெய்து, அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை கொடு என்றார். இருவரும் சேர்ந்து புரட்டினோம். இந்த முறை அவர் யார் கையையும் மறுக்கவில்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கேட்டார்.

"அன்னைக்கு நான் சொன்னத நீ சொல்லியிருந்தேன்னா, எனக்கு இந்த இடுப்பு இவ்வளவு மோசமாயிருக்காது, என்ன?"

"ஆமாம்மா."

"நானும் அதத்தான் நெனச்சேன்." வாசல் சுவரில் கையை ஊன்றினார். "அவுக டீ குடிக்கப்போ ஒண்ணும் பேச மாட்டாக. நானும் பேச மாட்டேன். அந்த நேரம் எனக்கு ஒறக்கம் நல்லா வரும். வீட்டுல அப்படி வந்ததில்ல."

உள்ளேயிருந்து சார் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அறுத்த பைப்பை வண்டியின் பின்னால் போட்டேன். மறுநாள் கூடுவாஞ்சேரியில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் பால்கனிக் கம்பி பொருத்த வேண்டியிருந்தது. அளவு எடுத்து வைத்தேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டே வந்தவள், வழியில் எங்கோ தூங்கிப்போனேன். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர்தான் தோளைத் தட்டி எழுப்பினார்.